கேட்டவர்களும் சொன்னவர்களும்

தெப்பக்காட்டில் யானைகளுக்குக் களி ஊட்டும் வேளையில் கூட்டம் கூடும். ராகியும் கொள்ளும் வேகவைத்துப் பிடித்த பெரிய பெரிய உருண்டைகள். வரிசையாக நிற்கும் யானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் உருண்டையை வைத்துத் தள்ளும் மாவுத்தர், பக்கத்தில் காவடி. கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலையில், மாயாற்றை ஒட்டிய அந்த முகாமுக்கு நான் முதலில் போனது பல வருஷங்களுக்கு முன்னால். அந்த இடத்தில் எடுத்த படம் ஒன்று 2023ல் ஆஸ்கர் பரிசு பெற்று, உலகமெல்லாம் அதன் பெயர் அடிபட்டது அப்புறம் நடந்த விஷயம். நான் போனபோது நோட்டுப் புத்தகத்தோடு அலைகிறவர்கள் அங்கே குறைவு. ஒரு மாவுத்தனை வைத்துக் கதை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். பெட்டக் குறும்பர்; வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மதம் பிடிக்குமுன் யானையிடம் என்ன அடையாளம் தெரியும், எந்தச் சொல்லுக்கு அது காலை மடக்கும், வயதான யானை எதைக் கண்டு பயப்படும் என்று மூன்று நாள் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவரும் சலிக்காமல் சொன்னார். மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைக் கேட்டார்:

"இவ்வளவு கேட்டுட்டீங்களே சார், இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கதை எழுதப் போறேன், பெரியவரே."

"எங்களைப் பத்தியா?"

"ஆமாம்."

"அப்ப எழுதினதும் வந்து எங்களுக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதனால் என்ன வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் கேட்ட முதல் கேள்விதான் இப்போது விஷயம். ஒரு ஜனக்கூட்டத்தின் வழக்கங்களையெல்லாம் வேறொருவன் கேட்டு எழுதிக்கொண்டு போகிறானே, அதை வைத்து அவன் என்ன செய்யப் போகிறான்? நீலகிரியில் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் கதை எழுதுகிறவர்கள் அல்ல. பாதிரிமார்கள்.

1603ஆம் வருஷம் மலையாளக் கரையிலிருந்து பெனிசியோ என்ற இத்தாலிய ஏசு சபைப் பாதிரியார் இந்த மலைமேல் ஏறினார். ஆதி காலத்துக் கிறிஸ்தவர்கள் யாரோ மலைமேல் போய், வேதத்தை மறந்துவிட்டு வாழ்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அவர்களைத் தேடிப் போனவர் கண்டது தோடர்களையும் படகர்களையும். தேடினவர்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் மனுஷர் வெறுங்கையோடு இறங்கவில்லை. எருமைகளைப் பற்றியும், பூசாரியைப் பற்றியும், வீட்டு முறைகளைப் பற்றியும் விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார். மலையாளக் கரையின் தெய்வக் கதைகளையும் பிற்பாடு ஒரு புத்தகமாகத் தொகுத்தார். டச்சுக்காரரான பால்தேயுஸ் பாதிரியார் 1672ல் வெளியிட்ட தம் நூலில், பெனிசியோவின் பெயரைச் சொல்லாமலே அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார். நம் பத்திரிகை உலகத்தில் மட்டும்தான் இதெல்லாம் நடக்கிறது என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கோட்டையின் உள் அமைப்பு தெரிந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். ஒரு ஜனங்களின் மதத்தை மாற்ற வேண்டுமானால் அந்த மதத்தை முதலில் படிக்க வேண்டும். சபைகளின் கணக்கு இதுதான். ஆனால் படிப்பு என்பது விபரீதமான பொருள். ஒரு காரியத்துக்காகப் படிக்க ஆரம்பித்தவனைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ இழுத்துப் போய்விடும். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்கு ஏழு வருஷத்துக்குள் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க ஆள் அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. 1713ல் எழுதின புத்தகம் சென்னையில் அச்சேறியது 1867ல். பிராங்கேயைக் குறுகின புத்திக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கென்னவோ அவர் ஒரு விஷயத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஒருவனுடைய சாமிகளைப் பெயர் பெயராக, சிரத்தையாக எழுதுகிறவன், அந்த வேலை முடியும்போது பழைய ஆளாக இருக்க முடியாது.

நீலகிரியில் இப்படி எழுத உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் மெட்ஸ் என்ற ஜெர்மானியர். பாஸல் மிஷன் 1846ல் கேத்தியில் காலூன்றியது. கஸமேஜர் என்ற ஓய்வு பெற்ற நீதிபதி அங்கே படகர் பேச்சைக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் வைத்து, மிஷனுக்கு இடமும் பொருளும் கொடுத்திருந்தார். 1850ஐ ஒட்டி வந்து சேர்ந்த மெட்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் ஹட்டி ஹட்டியாக நடந்தார். மிஷன் வந்து பத்து வருஷம் கடந்த பிறகே ஒரு படகர் ஞானஸ்நானம் பெற்றார். இந்தப் பத்து வருஷத்தை நான் மதிக்கிறேன். கேட்க ஆள் இல்லாமல் பத்து வருஷம் பேசுகிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது எழுத்தாளனாக இருக்க வேண்டும். மெட்ஸ் கொஞ்சம் எழுத்தாளர். நீலகிரி ஜாதிகளைப் பற்றிய அவருடைய சின்னப் புத்தகம் 1864ல் மங்களூர் மிஷன் அச்சகத்தில் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பாக வந்தது.

அதில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் படகரின் சாவுச் சடங்கு. இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களையெல்லாம், அண்டை நிலத்தின் எல்லையைத் தள்ளினதிலிருந்து பல்லியைக் கொன்றதுவரை, ஒரு பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கூடியிருப்பவர்கள் பின்பாட்டுப் போலத் திருப்பிச் சொல்கிறார்கள். அத்தனையும் ஒரு கன்றின் மேல் ஏற்றப்படுகிறது. கன்று அவிழ்த்து விடப்படுகிறது. பிறர் பாவத்தைச் சுமந்தவரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்காகக் கடல் கடந்து வந்தவர், இங்கே ஒரு மலைக்கிராமத்தில், தமக்குமுன் அதே எண்ணம் ஒரு கன்றின் உருவத்தில் நிற்பதைக் கண்டார். கண்டதை ஒழுங்காக எழுதினார். ஆனால் எழுதினதற்கு மேல் நிற்கவில்லை. இவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது, என்னிடம் இல்லாத எதை இவர்கள் இதில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி புத்தகத்தை அசைக்கவில்லை. அவருக்குக் காது இருந்தது. கேட்டதால் கலங்கும் துணிச்சல் இல்லை. இதுதான் மெட்ஸின் மேல் என் புகார்.

இன்னொரு இடம், இதைவிடக் கடினமானது. குறும்பர்கள் மந்திரவாதிகள் என்று மலைமேல் மற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த பயத்தை அவர் எழுதுகிறார். அந்தப் பயம் வெறும் கதை அல்ல. மாடு செத்தாலும், பிள்ளை செத்தாலும் குறும்பன் வைத்த வினை என்று சொல்லி, 19ஆம் நூற்றாண்டில் ஒரு தடவைக்கு மேலேயே குறும்பர்களைக் கூட்டமாகப் போய்க் கொன்றிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு பாதிரியாரின் படிப்பு யாருக்கு உபயோகப்பட்டிருக்க வேண்டும்? மூடநம்பிக்கை என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது போதாது. இதற்கு மறுபடியும் வருகிறேன்.

மெட்ஸ் சேர்த்த தோட மொழிச் சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு, அந்த மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணம் எழுதியவர் வேறு யாருமல்ல, நம் ஜி. யு. போப். திருவாசகத்தையும் திருக்குறளையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். உதகையில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவருடைய தோட இலக்கணம் 1873ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரியின் புத்தகத்தில் அநுபந்தமாக வந்தது. பிறகு ஜெனானா மிஷனைச் சேர்ந்த காதரின் லிங் என்ற அம்மாள் தோடரிடையே பல காலம் உழைத்தார். 1897ல் மாற்கு சுவிசேஷம் தோட மொழியில் அச்சாயிற்று. எந்த எழுத்தில்? தமிழ் எழுத்தில்.

நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் 1935 முதல் 1938 வரை நீலகிரியில் மொழியாராய்ச்சி செய்த எமனோ தோட மொழியில் குறிலும் நெடிலுமாகப் பதினாறு உயிரொலிகளைக் கணக்கிட்டார். ஸகர வகையில் மட்டும் நாலு விதம். ரகர வகையில் மூன்று. இவ்வளவையும் நம் அரிச்சுவடிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? ஒரு பெரிய குடும்பத்தை ஒற்றை அறையில் குடிவைத்த கதைதான். வேத வசனம் தோடருக்குப் போய்ச் சேர வேண்டுமென்ற அன்பு உண்மையானது. ஆனால் அந்த வசனம் எந்தக் குரலில் போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அன்பிருந்தால் மட்டும் எழுத்துப் பிழை திருந்திவிடாது.

இந்த நிலையில் 1901ல் மலைமேல் வந்து சேர்ந்தார் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர். பாதிரியார் அல்ல. வைத்தியமும் மனோதத்துவமும் படித்தவர். சில மாதங்களே தங்கினார். ஆனால் 1906ல் அவர் வெளியிட்ட தோடர்களைப் பற்றிய பெரிய புத்தகத்துக்கு முன்னால் அதுவரை வந்ததெல்லாம் பிள்ளையார் சுழிதான். ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் கேட்டு எழுதி, யாருக்கு யார் என்ன முறை என்று அதிலிருந்து பிரித்தெடுத்தார். பால்மனைச் சடங்குகளை ஒன்றுவிடாமல் விசாரித்தார். இதில் ஒரு வேடிக்கை. அவருக்கு முக்கியமான மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் என்ற உபதேசியார். தோடரை அவர்கள் சடங்கிலிருந்து மீட்பதற்காகத் தோட மொழி கற்றவர், அந்தச் சடங்குகளைக் காகிதத்தில் நிலைநிறுத்துவதற்குத் துணை போனார். சரித்திரத்துக்கு நகைச்சுவை உண்டு.

ஆனால் அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் ரிவர்ஸே ஒளிக்காமல் சொல்லியிருக்கும் ஒரு விஷயம் நகைச்சுவை அல்ல. அவருக்கு ரகசியமான சடங்குகளையும் புனிதமான இடங்களையும் காட்டிக் கொடுத்தவர்களுக்குத் துன்பம் வந்தது. ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவருடைய மனைவி செத்துப் போனாள். ஒருவருடைய ஊர்ப் பால்மனை எரிந்து போயிற்று. சொல்லக் கூடாததைச் சொன்னதற்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று தோடர்கள் நம்பினார்கள். அதற்கப்புறம் ரிவர்ஸுக்கு வாய் திறக்கத் தயங்கினார்கள். தற்செயல் என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். அந்த மனைவியை இழந்தவர் என்ன சொல்லியிருப்பார்? தன் வாயால்தான் அவள் போனாள் என்று சாகும்வரை நினைத்திருப்பார். அவர் சொன்னது புத்தகத்தில் இருக்கிறது. அவர் பட்டது அவரோடு போயிற்று. தோடர்களைப் பற்றிய மிகச் சிறந்த புத்தகம் அதுதான் என்று நான் இன்றும் சொல்வேன். அதைத் திறக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் நிற்காமல் தாண்ட என்னால் முடிவதில்லை.

இந்த ரிவர்ஸ்தான் நம்மை நீலகிரியிலிருந்து வெகு தூரத்திலுள்ள ஒரு தீவுக்கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார். அடுத்து அவர் போன இடம் மெலனேசியா. பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம், இடம் புதிதல்ல. கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் வடித்தாரே, அந்தப் பிஜியும் மெலனேசியத் தீவுகளில் சேர்ந்ததே. அங்கே 1908ல் போன ரிவர்ஸ் மிஷன் கப்பலில் ஏறித் தீவு தீவாகப் போய்க் குறிப்பெடுத்தார். 1914ல் மெலனேசிய சமூகத்தின் சரித்திரம் என்று இரண்டு பாகங்கள் வெளியிட்டார். அவருக்கு முன்பே அங்கே வழி போட்டு வைத்திருந்தவர் காட்ரிங்டன் என்ற பாதிரியார்.

காட்ரிங்டன் நார்போக் தீவில் மிஷன் பள்ளிக்கூடம் நடத்தியவர். பல தீவுகளிலிருந்தும் பையன்கள் வந்து படித்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல அவர் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மோட்டா என்ற ஒரு சின்னத் தீவின் மொழியே பள்ளியில் பொதுமொழி. மெலனேசிய மொழிகளைப் பற்றி 1885லும், மெலனேசியரைப் பற்றி 1891லும் அவர் புத்தகங்கள் வந்தன. 'மானா' என்ற சொல்லை, பொருள்களிலும் மனிதரிலும் புகுந்து வேலை செய்யும் கண்ணுக்குத் தெரியாத சக்தி என்ற அர்த்தத்தில், உலகத்துப் பண்டிதர்கள் வாயில் போட்டவர் அவர்தான். ஆனால் அவரிடம் எனக்குப் பிடித்தது மானா அல்ல, முகவுரை. பிஸன் என்ற இன்னொரு மிஷனரி சொன்னதாக ஒரு விஷயத்தை அங்கே எடுத்துக் காட்டுகிறார். ஒரு ஜனங்களோடு இரண்டு மூன்று வருஷம் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். பத்து வருஷம் இருந்தால்தான் ஒன்றும் தெரியாது என்பது தெரியும். அப்போதுதான் கற்றுக்கொள்ளவே தொடங்குவான் என்பது அதன் சாரம். மெட்ஸிடம் நான் தேடிக் கிடைக்காத குரல் இது. சொல்லுகிறவர்களின் வாயிலிருந்து வந்ததை அவர்கள் சொன்னதாகவே எழுதினார் காட்ரிங்டன். தன் மதத்தை அவர் விடவில்லை. அதற்காகத் தன் மாணவர்களின் வாயையும் அடைக்கவில்லை.

ரிவர்ஸ் சாகும் வருஷமான 1922ல் அவர் பதிப்பித்த ஒரு கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. மெலனேசியாவில் ஜனத்தொகை ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்பது விஷயம். மிஷனரிகளும் அதில் எழுதினார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய், மது, துப்பாக்கி, கூலிக்குப் பிடித்துப் போனது எல்லாம் காரணங்கள்தாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ரிவர்ஸ் தம் கட்டுரையில் வேறொன்றைச் சொன்னார். அந்த ஜனங்களுக்கு வாழ்க்கையில் பிடிப்பே போய்விட்டது. கொடியது என்று ஒரு வழக்கத்தை நிறுத்தினார்கள். அதோடு பின்னிக்கிடந்த படகு கட்டுவது, விருந்து, ஆட்டம், அதற்காக மாதக்கணக்கில் உழைப்பது எல்லாமே நின்று போயிற்று. எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. தலைவேட்டை நல்ல வழக்கம் என்று அவர் வாதாடவில்லை. ஒன்றைப் பிடுங்குமுன் அதன் வேர் எங்கெங்கே ஓடியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். சேவை செய்ய வருகிறவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் படித்ததில்லை.

பாதிரிமார் இதைக் கேட்டார்களா? தாமதமாகக் கேட்டார்கள். பாப்புவா நியூகினியில் 1969ல் கத்தோலிக்க சபைகள் சேர்ந்து மெலனேசியக் கல்விக் கழகம் ஒன்றை ஏற்படுத்தின. பிறகு லூத்தரன், ஆங்கிலிகன் முதலிய சபைகளும் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து புதிதாக வருகிற பாதிரியாருக்கு, பிரசங்கம் செய்யுமுன் அந்த ஊர் மனிதர்களைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுப்பது அதன் முதல் வேலை. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம், நிலத்தின் பாத்தியதை, சூனியம் என்று ஆராய்ச்சி செய்து புத்தகங்கள் போட்டார்கள். அதில் ஒன்று 2009ல் வந்தது. 'சங்குமா' என்று அங்கே சொல்லும் சூனியத்தைப் பற்றியது. சூனியக்காரி என்று பெயர் சூட்டிப் பெண்களைக் கொளுத்தும் கொடுமை அந்த நாட்டில் உண்டு. சூனியத்துக்குப் பயந்து கொன்றேன் என்றால் குற்றத்தின் கடுமை குறைய இடம் கொடுத்த 1971ஆம் வருஷத்துச் சட்டத்தை 2013ல்தான் ரத்துச் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில், யார் யாரைச் சந்தேகிக்கிறார்கள், எந்தச் சாவுக்குப் பிறகு, எந்தச் சண்டையை மனத்தில் வைத்து என்று விசாரித்து எழுதுவது வெறும் ஆராய்ச்சி அல்ல. யாரோ ஒருத்தி உயிரோடு இருப்பதற்கு அது உதவக்கூடும்.

இப்போது மெட்ஸின் குறும்பர் பக்கத்தை மறுபடி திருப்பிப் பாருங்கள். அங்கே குறைந்தது என்ன என்று தெரியும். மெட்ஸ் கேட்டது பெரும்பாலும் பயந்தவர்களிடம். பயத்துக்கு ஆளானவனிடம் போய் உட்கார்ந்து, உன்னை ஏன் இப்படிச் சொல்கிறார்கள், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பக்கம் வேறாகியிருக்கும். படிக்கிறவன் யாரிடம் கேட்கிறான் என்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது.

நம் ஊர்ச் சபைகளுக்கும் இது பொருந்தும். மதுரைக்கு 1606ல் வந்த நோபிலி காவி உடுத்து, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, பிராமணர்களின் ஆசாரத்தைத் தாமும் மேற்கொண்டார். தமிழ்ப் பண்பாட்டைப் படித்த மகான் என்று அவரைப் புகழ்கிறோம். அவர் படித்தது ஒரு தெருவின் பண்பாட்டை. மற்றத் தெருக்களும் தமிழ்நாட்டில்தான் இருந்தன. அதே மதுரையில், அரசரடி இறையியல் கல்லூரியில், தியாபிலஸ் அப்பாவு என்பவர் 2005ல் காலமாகும்வரை நாட்டுப்புறப் பாட்டையும் கிராமத்துச் சமையலறைப் பேச்சையும் கோவிலுக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். கர்நாடக ராகத்துக் கீர்த்தனைகளே தமிழ் என்று பழகிப்போன காதுக்கு அது முதலில் உறுத்தியிருக்கும். உறுத்தட்டும். ஜனங்களின் பண்பாட்டைப் படிக்கிறோம் என்று எந்தச் சபை சொன்னாலும், எந்த ஜனங்கள் என்று கேட்பது நம் உரிமை.

இவ்வளவு நேரம் பாதிரிமார்களைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டாயிற்று. நம்மை யார் கேட்பது? அவர்களுக்கு உத்தேசம் இருந்தது, நமக்கு ஒரு உத்தேசமும் இல்லை, நாம் நிரபராதிகள் என்று கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. யோசித்துப் பார்த்தால், மெட்ஸ் இருபது வருஷம் இருந்தார். நான் மூன்று நாள் இருந்தேன். அவர் தாம் நல்லதென்று நம்பின ஒன்றைக் கொடுக்க வந்தார். நான் எடுத்துக்கொண்டு போக வந்தேன்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' 1963ல் வந்த நாவல். மின்சாரத் திட்டத்தில் வேலை பார்த்த கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தபோது, படகர்களோடு பழகி எழுதியது. குறிஞ்சி பூக்கும் கணக்கில் காலத்தை அளந்துகொண்டு, பழைய வாழ்வு தேயிலைக்கும் பணத்துக்கும் வழிவிட்டு நகர்வதைக் குடும்பத்துக்குள்ளிருந்து காட்டுகிறது. வர்ணனை கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். தகவல் சொல்லும் ஆசை சில இடங்களில் கதையை முந்திக்கொள்கிறது. இருந்தும், ஒரு சடங்கு அதில் வரும்போது அது வேடிக்கைப் பொருளாக வருவதில்லை. யாரோ ஒருவருடைய சந்தோஷமாக அல்லது துக்கமாக வருகிறது. இது மெட்ஸிடமும் இல்லை, ரிவர்ஸிடமும் இல்லை. நாவல் என்ற உருவத்தால் மட்டும் செய்ய முடிந்த காரியம் அது. ஆனால் அதைச் செய்ய அந்த அம்மாள் அங்கே குடியிருக்க வேண்டியிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். எழுதி முடித்தேன். பத்திரிகையில் வந்தது. பாராட்டிச் சில கடிதங்களும் வந்தன. தெப்பக்காட்டுக்குப் போய்ப் படித்துக் காட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்றால் மனம் வரவில்லை என்று அர்த்தம். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பெரியவரைப் பார்க்கப் போனேன். யாரோ சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பத்திரிகையில் கதையைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகும் பேரன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அக்கம்பக்கத்துக்கும் படித்துக் காட்டியிருக்கிறான்.

என் கதையில் மாவுத்தன் குடித்துவிட்டு வந்து, கோபத்தில் யானையை அங்குசத்தால் குத்துகிறான். பிறகு அழுகிறான். அந்த அழுகைக்காகத்தான் அந்தக் குத்து. எனக்குத் தெரிந்த கதைத் தொழிலில் அது நியாயமான ஏற்பாடு.

"மத்ததெல்லாம் நான் சொன்னதுதான் சார். அதனால அதையும் நான் சொன்னேன்னே நெனைச்சுட்டாங்க" என்றார் பெரியவர். "முப்பது வருஷம் இருந்தேன். என் யானையை நான் அப்படிக் குத்தினதில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வந்து படிச்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்றார்.

கதைதானே, கற்பனைதானே என்று நான் சொல்லியிருக்கலாம். தோடர் மனைவி செத்தது தற்செயல்தானே என்று சொல்வதைப் போன்ற பதில் அது. சரியான பதிலாகவே இருக்கலாம். அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கதைகளைப் புத்தகமாகத் தொகுக்கும் சமயம் வந்தபோது, கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடி தெப்பக்காடு போனேன். அதே தேநீர்க் கடை. பேரனும் கூட இருந்தான். முழுக் கதையையும் உரக்கப் படித்தேன். பெரியவர் பதினோரு இடத்தில் நிறுத்தினார். ஏழு இடத்தில் அவர் சொன்னபடி திருத்திக்கொண்டேன். அந்தக் குத்து போய்விட்டது. அது போன பிறகு கதை ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாலு இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஏன் சம்மதமில்லை என்று அவரிடம் சொன்னேன். அரை மணி வாதாடினார். ஒன்றில் மட்டும் விட்டுக் கொடுத்தார். மூன்று இடங்களில் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.